முனைவீட்டு வேலி

வேலிக்கு வைக்கிற லாரல் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதே இல்லை. இங்கிலாந்து மழையே போதும். வெட்டாமல் விட்டால் வருடத்துக்கு இரண்டடி தானாக ஏறிவிடும்.

வேலியைப் பற்றித்தானே கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். சொல்கிறேன்.

முனைவீட்டுக்கு இரண்டு தெருவிலும் முகப்பு, அதனால் விதிகளும் இரண்டு மடங்கு. என் வீட்டுக்கு முன்னால் லார்ச் அவென்யூ, பக்கவாட்டில் மில் லேன். மில் லேன் வீடுகள் எந்தக் கோட்டில் நிற்கின்றனவோ, அதைத் தாண்டி நான் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. என் மனைவி ஹேசலுக்குக் கால்கள் செயலிழந்துகொண்டிருந்தன. எங்கள் கழிப்பறை மாடியில். கீழே ஒன்று கட்ட நகராட்சிக்கு விண்ணப்பித்தேன். அது கோட்டை நாலடி தாண்டியது. "யாரும் ஆட்சேபிக்கலன்னா கண்டும் காணாம விட்டுருவாங்க," என்றார் வரைபடம் போட்டுக் கொடுத்தவர். ஆட்சேபம் இருந்தால் எழுதச் சொல்லி விளக்குக் கம்பத்தில் அறிவிப்பு கட்டினார்கள்.

ஒரே ஒரு ஆட்சேபம் வந்தது. மில் லேன் முதல் வீட்டு நைஜல் ஹாக்ஸ்வர்த் எழுதியது. தெருமுனையின் திறந்த தோற்றம் கெட்டுப்போகுமாம். இந்த ஊரில் நாங்கள் எதையும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டோம்; நகராட்சிக்கு எழுதுவோம். எழுதிய அதே வாரம் ஹேசலுக்கு எலுமிச்சை கேக் கொண்டுவந்தார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற ஆள். அவள் இரண்டு துண்டு சாப்பிட்டாள். கடிதத்தைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை.

அனுமதி மறுக்கப்பட்டது. பிப்ரவரியில், நான் கடைக்குப் போயிருந்தபோது, அவள் தனியாகப் படியேறப் பார்த்திருக்கிறாள். நான் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கத்தன்று ஹாக்ஸ்வர்த் என் தோளைத் தொட்டார். "அந்தக் கடுதாசில உங்க மேல கோபதாபம் எதுவும் இல்ல, லெனர்ட். யார் கட்டியிருந்தாலும் எழுதியிருப்பேன்."

"தெரியும், நைஜல்," என்றேன். அந்த நிமிடம் முதல் அவரை வெறுத்தேன்.

முனைவீட்டுக்கு இன்னொரு விதி உண்டு. இரண்டு தெருவும் சேரும் மூலையில் வேலி முழங்கால் உயரம்தான் இருக்கலாம். மில் லேனிலிருந்து வெளியே வருகிறவருக்கு லார்ச் அவென்யூவில் வரும் வண்டி தெரிய வேண்டும். இருபது வருடம் ஒழுங்காக வெட்டினேன். ஹேசல் போனபின் கத்தரியை எடுக்கவில்லை. மூன்றாம் வருடம் வேலி ஆளுயரத்தைத் தாண்டிவிட்டது.

ஹாக்ஸ்வர்த் தினமும் எட்டேகாலுக்குச் செய்தித்தாள் வாங்க சைக்கிளில் போவார். "செடி ஜோரா வளந்திருக்கே, லெனர்ட்," என்றார் ஒருநாள். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் புகார்.

"இந்த வருஷம் மழை ஜாஸ்தி," என்றேன்.

கதவைத் தட்டி "வெட்டுய்யா" என்று கத்தியிருந்தால் வெட்டியிருப்பேனோ என்னவோ. அவர் வழக்கம்போல நகராட்சிக்கு எழுதினார். அங்கிருந்து பதில் வர எட்டு வாரமாகும்.

என் மாடி ஜன்னலிலிருந்து இரண்டு தெருவும் தெரியும். ஒருநாள் காலை அவர் முனையில் தயங்கி நின்றதைப் பார்த்து, வரலாம் என்று கையசைத்தேன். தெரு உண்மையில் காலியாகத்தான் இருந்தது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். அதன்பிறகு தினமும் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். வண்டி வந்தால் கையை நீட்டி நிறுத்துவேன், போனதும் அசைப்பேன். ஐந்து வாரம் ஒருநாள்கூடப் பிசகவில்லை. கடைசியில் அவர் தெருவை எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

ஆறாவது வாரம் செவ்வாய்க்கிழமை, புதுக் குடியிருப்புக்கு ஜல்லி ஏற்றிய லாரி லார்ச் அவென்யூவில் வேகமாக வந்துகொண்டிருந்தது. நான் அதை நன்றாகப் பார்த்தேன். அவர் நிமிர்ந்தார். கையசைத்தேன். கட்டைவிரலை உயர்த்தினார்.

நான் கையை மட்டும்தான் அசைத்தேன், மேடம். பெடலை மிதித்தது அவர்.