இஸ்மாயிலை இறக்கி வைத்த இடம்

“படு! படு!”

இஸ்மாயில் கத்துகிறான். நான் படுக்கிறேன். முதலில் குண்டின் ஊளை. பிறகு மூன்று எண்ணலாம். பிறகு இடி. வயல் மண் வாய்க்குள் வருகிறது. துப்பிவிட்டு எழுகிறேன். இஸ்மாயில் எழவில்லை.

நாற்பத்தைந்தாம் வருடம். சித்திரை கடைசி. பர்மாவில், சித்தாங் ஆற்றுக்கு இந்தப் பக்கம். காலை ஏழரை மணி இருக்கும். வெள்ளைக்காரனைத் துரத்தக் கிளம்பிய படை நாங்கள். இப்போது அவன் எங்களைத் துரத்துகிறான். நான் அந்தோணி. ரங்கூன் துறைமுகத்தில் நெல் மூட்டை தூக்கியவன். அப்போது வயது பதினெட்டு. இஸ்மாயிலுக்கு இருபத்திரண்டு. எங்கள் தெருக்காரன். அவன் தம்பி காதர் முந்தின நாளே ஆற்றைக் கடந்துவிட்டான்.

இஸ்மாயிலுக்கு வயிற்றில் குண்டுச் சில்லு. நடக்க முடியாதவர்களை விட்டுவிட்டு வரச் சொல்லி உத்தரவு. நான் கேட்கவில்லை. தூக்கிக்கொண்டேன். இரண்டு மணி நேரம் நடந்தேன். அவன் ரத்தம் என் முதுகில் இறங்கிக் கால்சட்டையை நனைத்தது. ஆறு தெரிந்தது. ஒரே படகு. கடைசி நடை.

“ஓடியா! ஓடியா!” என்று படகிலிருந்து கத்துகிறார்கள்.

மறுபடி ஊளை. மூன்று எண்ணினேன். இடி பக்கத்தில்.

ஒரு தேக்கு மரத்தடியில் அவனை இறக்கி வைத்தேன். தண்ணீர்க் குடுவையைக் கையில் கொடுத்தேன். ஆள் கூட்டி வருவதாகச் சொன்னேன். பொய் என்று அவனுக்கும் தெரியும். ஓடினேன். பாரம் போனதும் கால் எவ்வளவு லேசானது என்பது இன்றும் நினைவிருக்கிறது. அதை நினைத்தால் என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது. “காதரு... காதரு...” என்று அவன் தம்பியைக் கூப்பிட்டான். படகு நடு ஆற்றுக்குப் போகும்வரை கேட்டது.

அக்கரையில் மூங்கில் காட்டுக்குள் காதர் ஓடி வந்தான். அண்ணன் எங்கே என்றான். போய்விட்டான் என்றேன். அடக்கம் செய்தாயா என்றான். செய்தேன் என்றேன். மேற்கே, மக்கா பக்கம் முகம் வைத்தாயா என்றான். வைத்தேன் என்றேன். மூன்று பொய். காதர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

ஆறு நாள் கழித்துப் பிடிபட்டோம். ரங்கூன் சிறையில் காதரும் நானும் ஒரே கொட்டடி. விடுதலையானதும் அவரவர் பிழைப்பு. அறுபதுகளில் பர்மாவை விட்டுப் போகச் சொன்னார்கள். கப்பலேறி வந்தோம். நான் பட்டாபிராமில் குடியேறினேன். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலைக்கு வாட்ச்மேன். காதர் பாய் பூந்தமல்லிப் பக்கம், கரையான்சாவடியில் தையல் கடை போட்டார்.

வருடா வருடம் சித்திரைக் கடைசியில் காதர் பாய் வீட்டில் இஸ்மாயிலுக்கு, இறந்தவருக்கு ஓதும் ஃபாத்திஹா ஓதுவார்கள். ஓதி முடித்ததும் முதல் சோறு எனக்கு. அடக்கம் செய்த கைக்குத்தான் முதல் சோறு என்பது அவர் வைத்த முறை. நாலடுக்குக் கேரியரில் நெய்ச்சோறும் கறியும் எடுத்துக்கொண்டு, ஆவடியில் பஸ் மாறி, அவரே வருவார். நான் சாப்பிடும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பார். ரங்கூனிலிருந்தே அப்படித்தான். ஐம்பது வருடம் அந்தச் சோற்றைத் தின்றேன். ஒரு பருக்கை மிச்சம் வைத்ததில்லை. வைத்தால் சந்தேகப்படுவாரோ என்று பயம்.

எண்பதுகளில் எங்கள் ஆட்கள் எல்லோரும் தியாகி பென்ஷனுக்கு மனுப் போட்டார்கள். காதர் பாய்க்குக் கிடைத்தது. நான் போடவில்லை. சிறை ஏடு பர்மாவில். அது இல்லாதவனுக்கு, உடன் சிறையிலிருந்த பென்ஷன்காரர் ஒருவர் சான்று தர வேண்டும். எனக்கு மிஞ்சியிருந்தவர் காதர் பாய் மட்டும். அவரிடம் போய் நிற்க எனக்கு முகம் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் என் மனைவி ரோசம்மாளுக்கு சிறுநீரகம் கெட்டது. கால் வீங்கியது. பிறகு முகம். பென்ஷன்காரர் குடும்பத்துக்கு வைத்தியம் இலவசம் என்றார்கள். போனேன். இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று காதர் பாய் என்னைத் திட்டினார். உடனே சான்று எழுதினார். அதிகாரி முத்திரை வாங்கி வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னார். கிளம்பும்போது கூப்பிட்டார். அவர் அக்காள் மகன் வியாபாரத்துக்கு ரங்கூன் போகிறானாம்.

“அண்ணன் கபரு எங்க கீதுன்னு ஒரு படம் போட்டுக் குடு, அந்தோணி. எனக்கும் வயசாயிட்சி. ஒரு கல்லாச்சும் நட்டுட்டு வரட்டும்.”

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் ரோசம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணமாகி நாற்பத்தைந்து வருடத்தில் முதல் தடவை. வீங்கிய காலைக் கட்டிலில் தூக்கி வைத்தாள். பிறகு சொன்னாள்.

“இத்தினி வருசமா சொன்ன பொய்தானே. எனக்காவ இன்னொரு வாட்டி சொல்லு.”

வரைய உட்கார்ந்தேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம். ஆறு போட்டேன். படகுத்துறை போட்டேன். மரம் போட்டேன். மரத்தடியில் கபருக்கு ஒரு சின்னக் கட்டம் போட்டால் முடிந்தது. பென்சில் வைக்கிறேன். பக்கத்து ராணுவ ரயில் சைடிங்கில் வேகன்கள் இடியாக மோதுகின்றன. நான் கட்டிலுக்கடியில் கிடக்கிறேன். மூன்று எண்ணுகிறேன். ரோசம்மாள் வீங்கிய காலோடு குனிந்து என்னை வெளியே இழுக்கிறாள். அந்த வாரத்தில் ஏழு தாள். வாயால் எத்தனை தடவை வேண்டுமானாலும் அவனைப் புதைத்திருக்கிறேன். கையால் ஒரு தடவை முடியவில்லை. கல் நட இடம் காட்டினால் அந்தப் பையன் வெறும் மண்ணுக்கு ஓதிவிட்டு வருவான்.

வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து காதர் பாய் கடைக்கு வந்தார். வெட்டு மேஜைமேல் முத்திரை வைத்த சான்று தயாராக இருந்தது. அதன்மேல் கத்தரிக்கோல். என் தாளை வாங்கினார். கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஆறு இருக்கிறது, மரம் இருக்கிறது, கபர் எங்கே என்றார்.

கபர் இல்லை என்றேன். மரத்தடியில் இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்ததைச் சொன்னேன்.

“உசிரோட இருந்தானா?”

“இருந்தான்.”

“எதனா சொன்னானா?”

“உன் பேரச் சொல்லிக் கூப்டான்.”

காதர் பாய் தையல் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தார். சான்றை எடுத்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“நீ செயில்ல இருந்தது நெசம். யார் கேட்டாலும் சொல்றேன். ஆனா இத்த என் கையால குடுக்க முடியல. நீ போ.”

போனேன். சான்று இணைக்கப்படவில்லை என்று மனு திரும்பி வந்தது. அடுத்த சித்திரையில் கேரியர் வரவில்லை. காதர் பாய் ஃபாத்திஹாவையே நிறுத்திவிட்டார் என்று பூந்தமல்லியில் கேள்விப்பட்டேன். செத்தவனா, எங்கேயோ கிழவனாக இருப்பவனா என்று தெரியாமல் எப்படி ஓதுவது என்று அழுதாராம். என் படத்தோடு அக்காள் மகன் ரங்கூன் போனான். அங்கிருந்து சித்தாங் போய்ப் பார்த்தானாம், ஆறு கரையைத் தின்றிருந்தது. மரமும் இல்லை.

ரோசம்மாள் பதினோரு மாதம் இருந்தாள். என்னைக் குறை சொல்லவில்லை. கடைசி வாரத்தில் ஒரே ஒரு தடவை, ஒரு கட்டம்தானே என்றாள். அந்த வார்த்தையோடுதான் இருக்கிறேன். காதர் பாயின் துக்கத்தையும் கெடுத்தேன், இவளையும் காப்பாற்றவில்லை. செய்தது சரி என்று என்னால் சொல்ல முடியாது.

கணக்கு இது. எங்கள் பிரிவில் முப்பத்தொரு பேர். அக்கரை சேர்ந்தவர்கள் பதினான்கு. அவர்களில் இன்று இருப்பது நானும் காதர் பாயும். குண்டில் போனவர்கள் பன்னிரண்டு. ஆற்றில் மூழ்கியவர்கள் நான்கு. பட்டாபிராமில், வைத்தியம் இல்லாமல், ரோசம்மாள். மீதி ஒருவன். இஸ்மாயில், வயது இருபத்திரண்டு. அவனை இறந்தவர்களோடு சேர்க்க என்னிடம் சாட்சி இல்லை. கடைசியாகப் பார்த்தவன் நான். அப்போது அவன் பேசிக்கொண்டிருந்தான்.