முருகேசனின் அஞ்சலி போஸ்டர்

காட்டூர் தாண்டியதும், பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு நிமிர்ந்தேன். அவர் மடியில் புதிதாக அச்சடித்த போஸ்டர் சுருள் இருந்தது.

"முருகேசனோட கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அவன் கல்யாணத்துக்கு முன்னாடியே ரெடிங்க."

"என்னங்க சொல்றீங்க?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"எங்க பிரஸ்ஸுக்கு லேசர் பிரிண்டர் வந்த புதுசு. எந்த எழுத்து எங்க, எவ்வளவு பெருசுன்னு கமாண்டா எழுதி அனுப்பினா, அதுவே பக்கத்தை வரைஞ்சு குடுக்கும். எங்ககூட வேலை பார்த்த முருகேசன்தான் அதைக் கத்துக்கிட்டு, அஞ்சலி போஸ்டருக்கு ஒரு ஃபைல் எழுதினான். அடிச்சுப் பார்க்க ஒரு பேர் வேணும். யாரு ஒத்துக்குவா? தன் பேரையே போட்டுட்டான்."

"அந்த ஃபைல் இன்னுமா இருக்கு?"

"மெஷின் எத்தனையோ மாறிடுச்சு. அவன் எழுதின கமாண்ட் எல்லா மெஷினுக்கும் புரியுது. ஊர்ல யார் செத்தாலும் அதைக் காப்பி எடுத்து, அவன் பேரை அழிச்சுட்டுத்தான் அவங்க பேரைப் போடுவோம்."

பஸ் பாலக்கரையில் நின்றது. அவர் சுருளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"காலையில அவன் தம்பி போன் பண்ணினான். போய் ஃபைலைத் திறந்தேன். தேதி மட்டும்தாங்க அடிக்க வேண்டியிருந்துச்சு."