ஆனாஃபிக்குப் போக நல்ல மாசம்

— மே மாசம் வேணாம்னா வேணாம். பூவாப் பூத்துக் கெடக்கும்கிறே. பூவைப் பாத்து நான் என்ன பண்ண? தேனீயா நான்?

— அப்பா, நம்ம ஆனாஃபித் தீவுக்குப் போக ஏதென்ஸே மே மாசத்துக்குத் தவம் கெடக்குது. வெயிலும் இல்ல, குளிரும் இல்ல, கடல் தட்டுல ஊத்தின எண்ணெய் மாதிரி அசையாம இருக்கும். உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?

— மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. மே மாசக் கப்பல்ல கீழ்ப் படுக்கை ரெண்டுதான் மிச்சம்னு காட்டுது. அமுக்கிடட்டுமா?

— மாப்பிள்ளே, முதல்ல அந்தக் கம்ப்யூட்டர் பொட்டி மேலேர்ந்து கையை எடுங்க.

— அவர் ஆபீசுக்கு லீவு போட்டுட்டு உங்களுக்காகத்தான்ப்பா உக்காந்திருக்கார். சரி, மே வேணாம். ஈஸ்டருக்குப் போவோம். அதுக்காவது சரின்னு சொல்லுங்க.

— ஈஸ்டருக்கு ஊர்ல எல்லா வீட்லயும் ஆட்டுக்கறி. வெட்டப்போறது யாரு? என் கறிக்கடையை வாங்கினானே, அந்த மார்க்கோஸ் பய. கத்தி பிடிக்கத் தெரியாதவன் தாயி. எலும்பை விறகு மாதிரிப் பொளக்கிறான். அதை நான் பக்கத்துல நின்னு பாக்கணுமா?

— கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க!

— சத்தம் கேக்குமே.

— ஐயோ கடவுளே. சரி, ஜூன்? ஜூன்ல கடல் தண்ணி வெதுவெதுன்னு...

— எனக்கு நீந்தத் தெரியாது.

— தீவுல பொறந்து, தீவுலயே கிழவனாகி, நீந்தத் தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இல்ல?

— ஆடு வெட்டுறவனுக்கு நீச்சல் எதுக்கு?

— மாமா, தப்பா எடுத்துக்காதீங்க, ஆகஸ்ட்ல பாத்தா...

— நீங்க வேற மாப்பிள்ளே! ஆகஸ்ட்ல வடகாத்து மண்ணை அள்ளிக் கண்ணுல போடும். குழாய்ல தண்ணி வராது. வெளிநாட்டுக்காரனுங்க கடற்கரை பூரா அம்மணமாத் திரிவானுங்க. சரி, போறேன்னே வைங்க, எங்க படுப்பேன்? என் கட்டில்ல எவனோ ஒரு டச்சுக்காரன் காலை நீட்டிக்கிட்டுக் கெடப்பான்.

— பூட்டியே கெடந்தா வீட்டை ஈரம் அரிச்சிடும்னுதானே கோடைக்கு வாடகைக்கு விட்டோம்? நீங்களும்தானே தலையாட்டுனீங்க?

— அதுக்குள்ள ஊருக்குத் திரும்பிடுவேன்னு நெனச்சு ஆட்டுன தலை அது.

— பழசைக் கிளறாதீங்கப்பா.

— நான் எங்க கிளறுனேன்? நெஞ்சைப் பரிசோதிக்கணும், ரெண்டு வாரந்தான்னு சொல்லி ஏதென்சுக்குக் கூட்டிட்டு வந்தே. நானும் ரெண்டு சட்டையை மடிச்சு எடுத்துட்டு வந்தேன். இது மூணாவது குளிர்காலம்.

— இங்க உங்களுக்கு என்ன குறை வெச்சேன்? லிஃப்ட் இருக்கு. தெருமுனையிலயே ஆஸ்பத்திரி இருக்கு.

— லிஃப்ட்ல ஏறுறவன் எல்லாம் செவுத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறான். 'கலிமேரா'ன்னு ஒரு வணக்கம் சொன்னா, பர்ஸ் இருக்கான்னு பையைத் தடவிப் பாக்கிறான்.

— கடைசியாக் கேக்குறேன். செப்டம்பர். கலமியோத்திசா மாதா திருவிழா. ஊரே கூடி நிக்கும், ராத்திரி முழுக்கப் பிடிலும் ஆட்டமும். இதுக்கும் நொட்டை சொன்னீங்கன்னா நான் பால்கனியிலேர்ந்து குதிச்சிடுவேன், பாத்துக்குங்க.

— மாதாவை நான் நொட்டை சொல்வேனா, தாயி? மனுஷங்களைத்தான் சொல்றேன். ஒவ்வொருத்தனும் வந்து கட்டிப்பிடிச்சுக் கேப்பான். 'வாய்யா நிக்கீத்தாஸ், எப்ப வந்தே, எப்பத் திரும்பப் போறே?' அது விருந்தாளியைக் கேக்குற கேள்வி. வீட்டுக்காரனை எவனாவது அப்படிக் கேப்பானா?

— ஏங்க, மூடுங்க அந்த லேப்டாப்பை. இவரோட என்னால மாரடிக்க முடியாது.

— ஃபோட்டினி, கொஞ்சம் பொறு. மாமா, தப்பா எடுத்துக்காதீங்க, எல்லா மாசத்தையும் நாங்களே சொல்லிக்கிட்டிருக்கோம். நீங்க ஒரு மாசம் சொல்லுங்களேன்.

— பிப்ரவரி.

— எந்த பிப்ரவரி?

— எத்தனை பிப்ரவரி இருக்கு? வர்ற பிப்ரவரிதான். அடுத்த மாசம்.

— மாமா, தப்பா... இல்ல, நீங்க தப்பாவே எடுத்துக்குங்க. பிப்ரவரியில எவனாவது தீவுக்குச் சுற்றுலா போவானா?

— எவன் சுற்றுலா போறேன்னு சொன்னான்?

— அப்பா, அங்க ஒரு கடை திறந்திருக்காது.

— சோஃபியாவோட காப்பிக்கடை திறந்திருக்கும். அடுப்பைச் சுத்தி நம்ம ஆளுங்க சீட்டாடிக்கிட்டு இருப்பானுங்க. ஆட்டத்துக்கு ஒரு கை குறையுதாம்.

— ஒழுங்கா ஒரு டாக்டர் கிடையாது.

— நர்ஸ் பொண்ணு இருக்கு. மாத்திரையை அது குடுத்தாலும் அதே கசப்புதான்.

— போன குளிர்ல கப்பல் வராம மாவே தீந்துபோச்சுன்னு அந்த சோஃபியாதானே போன்ல புலம்புனா?

— ஆமா, பக்கத்து வீட்ல பார்லி ரஸ்க் கடன் வாங்கி, அவரைக்கொட்டை சூப்புல நனைச்சுத் தின்னாளாம். கேட்டதும் எனக்கு நாக்குல எச்சி ஊறிடுச்சு.

— விளையாடாதீங்கப்பா! அம்மா எந்த மாசம் செத்தாங்க?

— அதை எதுக்கு இப்ப?

— சொல்லுங்க. எந்த மாசம்?

— பிப்ரவரி.

— தென்காத்து. ஊர்த் துறைமுகம் கண்ணுக்கு எதிர்ல இருந்தும் கப்பலால அண்ட முடியல, அப்படியே திரும்பிப் போயிடுச்சு. ஹெலிகாப்டர் இறங்கல. நான் இங்க பிரேயஸ் துறையில பையும் கையுமா நின்னேன், ஒரு டிக்கெட் குடுக்க ஆள் இல்ல. அம்மா முகத்தைக்கூட நான் பாக்கலப்பா!

— ஃபோட்டினி, மெதுவா. உக்காரு.

— நீ பாக்கல, அது உண்மைதான் தாயி. நான் பாத்தேன். தன் கட்டில்ல, ஜன்னலோரமாப் படுத்திருந்தா. தலைக்கடியில என் கை இருந்துச்சு. 'ஜன்னல் கதவை மூடாதே, கடல் கேக்கட்டும்'னா. அவ்வளவுதான். மாப்பிள்ளே, இவளுக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டாங்க.

— எனக்குத் தண்ணியும் வேணாம் ஒண்ணும் வேணாம்! உங்களுக்கு மூளை இருக்கா இல்லையா? பிப்ரவரியில போய், மறுபடி தென்காத்து பிடிச்சிக்கிச்சுன்னா, உங்களைத் திரும்ப இங்க கூட்டிட்டு வர ஒரு கப்பல்கூட வராதுப்பா! புரியுதா? ஒண்ணுகூட வராது!

— அப்பாடா! காலையிலேர்ந்து நான் வேற என்னத்தத் தாயி சொல்லிக்கிட்டிருக்கேன்?