காலி நாற்காலி

என் அறையில் மூன்று நாற்காலிகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே உயரம். வருகிறவர் என்னை அண்ணாந்து பார்க்கக் கூடாது என்பதற்காகவே கடை கடையாக ஏறி அளந்து வாங்கினேன். டிஷ்யூ பெட்டியைக்கூட எடுத்து நீட்ட மாட்டேன், கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிடுவேன். நீட்டினால் "அழுதது போதும்" என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். பதினாறு வருடமாக மனநல ஆலோசகராக இருக்கிறேன், ஒரு புகார் வந்ததில்லை. அந்த மேனேஜரின் மனைவி உங்கள் ஸ்டேஷனில் கொடுத்ததுதான் முதல். நீங்கள் ரெக்கார்டரை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்திக்கொள்ளலாம். நான் மெதுவாகத்தான் பேசுவேன், தொழில் பழக்கம்.

மூன்றாவது நாற்காலி எப்போதும் காலி. இறந்துபோன அப்பாவோ விட்டுப்போன கணவனோ அதில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, மனதில் இருப்பதைக் கொட்டச் சொல்வேன். கொட்டி முடித்ததும் வந்தவரே எழுந்துபோய் அதில் உட்கார்ந்து, அந்த இன்னொருவராகப் பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் மன்னிப்பு அங்கிருந்துதான் வரும். கல்லுளிமங்கன்கள்கூட அங்கே உட்கார்ந்ததும் உடைந்துவிடுவார்கள்.

மேனேஜர் ஒரு புதன்கிழமை மூன்று மணிக்கு வந்தார். சரக்குக் கிடங்கு ஒன்றின் மேனேஜர், ஐம்பத்திரண்டு வயது, தூக்கம் வரவில்லை என்றார். பெயரைச் சொன்னதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெயரை ஒரு விசாரணை அறிக்கையில் நூறு தடவை படித்திருக்கிறேன். அவருக்கு என்னைத் தெரியாது. என் தம்பி அவரிடம் இரண்டு வருடம் பெட்டி ஏற்றி இறக்கினான். அவன் வாயில் நான் வெறும் அக்காதான்.

தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. ஒருநாள் மத்தியானம் கிடங்கில் மூச்சு முட்டி, வெளியே விடுங்கள் என்று கேட்டிருக்கிறான். லாரி காத்துக்கொண்டிருந்தது, மேனேஜர் விடவில்லை. கடைசிப் பெட்டியின் மேலேயே சரிந்து விழுந்தான். இருபத்தாறு வயது. யார் மீதும் தவறில்லை என்று அறிக்கையில் பூசி மெழுகிவிட்டார்கள். நான்கு வருடம் வயிறு எரிந்தேன். அதை ஒளிக்க விரும்பவில்லை.

முறைப்படி அவரை வேறொருவரிடம் அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பத்தான் இருந்தேன். இன்னொரு ஆலோசகரின் நம்பரை எழுதிய சீட்டு மூன்று வாரம் என் மேஜை டிராயரில் கிடந்தது. நான்காவது வாரம் அவர் காலி நாற்காலியைப் பார்த்துப் பேசினார்.

"தம்பி, நீ அடிக்கடி லீவு கேப்பே. அன்னைக்கும் அப்படித்தான்னு நெனச்சேன். எங்க அக்காகிட்ட கேளுங்க சார்னு போனைக் காட்டினே. ஏழு தடவை அடிச்சே. அவங்க எடுக்கவே இல்ல. கடைசி தடவை கட் பண்ணிட்டாங்க. கூடப் பொறந்தவங்களே கண்டுக்கலைன்னா இது நடிப்புதான்னு முடிவு பண்ணிட்டேன். அவங்க எடுத்திருந்தா விட்டிருப்பேன்ப்பா."

"நல்லாப் பேசினீங்க சார்" என்றேன். அவர் போனதும் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டேன்.

ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். தம்பி போன் அடித்த அன்று என் எதிரே ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். ஒருவர் அழும்போது நான் போனை எடுப்பதில்லை. அது என் தொழிலின் கட்டுப்பாடு.

அதன்பிறகு நான் செய்ததெல்லாம் பரிவோடுதான் செய்தேன். எழுந்துபோய் அந்த நாற்காலியில் உட்கார மட்டும் அவரை விடவில்லை. ஒவ்வொரு வாரமும் ஆசையாகப் பார்ப்பார். "அவன் இன்னும் தயாராகல சார்" என்பேன். தலையாட்டுவார். செத்தவன் தயாராக எவ்வளவு நாள் பிடிக்கும் என்று ஏழு மாதத்தில் ஒரு தடவைகூட அவர் கேட்கவில்லை.

ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரா ஒன்றைக் கொடுத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு அதன் வழியாக மட்டும் மூச்சு விடச் சொன்னேன். தினமும் காலையில் ஐந்து நிமிடம். "அவன் நெஞ்சுக்குள்ள இருந்து மூச்சு விட்டுப் பாருங்க சார். பரிவுன்னா அதுதான்." கண்ணும் கருத்துமாகச் செய்தார். இரண்டு மாதத்தில் ஸ்ட்ரா இல்லாமலே மூச்சு முட்ட ஆரம்பித்தது. படி ஏறும்போது, சாப்பிடும்போது, மீட்டிங்கில்.

டாக்டரைப் பார்க்கட்டுமா என்று என்னிடம்தான் கேட்டார்.

"அது உங்க மூச்சு இல்ல சார், அவனோடது. மருந்து குடுத்து அமுக்கிடுவாங்க, அப்புறம் அவன் பேசவே மாட்டான். மூச்சு முட்டினா எனக்குப் போன் பண்ணுங்க. நான் எடுப்பேன்."

எடுத்தேன். ஐந்து மாதம், ஒரு தடவை தவறாமல். தலையில் ஷாம்பு நுரையோடு ஓடிவந்துகூட எடுத்திருக்கிறேன். மூச்சு சீராகும்வரை "நான் இருக்கேன் சார்" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். மனைவி, மகள், நண்பர் யாரையும் அவர் கூப்பிடுவதை விட்டுவிட்டார். கஷ்டம் என்றால் அவர் விரல் என் நம்பருக்குத்தான் போகும். அந்த அளவுக்கு நம்பிக்கை வாங்குவது லேசான காரியமில்லை. என் தொழிலில் அதுதான் பாதி வைத்தியம்.

அவர் மனைவி ஒரு தடவை என்னைத் தேடி வந்தார்.

"மேடம், எதுவானாலும் உங்களுக்குத்தான் போன் பண்றாரு. நான் கூட இருந்தும் இல்லாத மாதிரி. இப்பல்லாம் நெஞ்சைப் பிடிச்சிட்டு உக்காந்துடறாரு. இடது கை மரத்துப்போகுதுங்கறாரு. ஆஸ்பத்திரின்னா கத்தறாரு."

தண்ணீர் கொடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன். "ஆறிட்டு வருதும்மா. ஆறும்போது அப்படித்தான் வலிக்கும்" என்றேன். நிம்மதியாகப் போனார்.

என் தம்பிக்கு ஒருநாளும் கை மரத்ததில்லை.

போன மாதம், புதன்கிழமை. மூன்று மணிக்கு அவர் வர வேண்டும். பத்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்ச்சாரி பஸ் ஸ்டாப் பெஞ்சில் ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் போனை வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். வாயைத் திறந்து கேட்டிருந்தால் யாராவது ஆம்புலன்சைக் கூப்பிட்டிருப்பார்கள். அவர் கேட்கவில்லை. நான் எடுப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

ஆறு தடவை அடிக்க விட்டேன். ஏழாவது தடவை கட் செய்தேன். அவர் போனைக் காதிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் பக்கவாட்டில் சரிந்தார். மூன்று மணிக்கு என் நோட்டில் "வரவில்லை" என்று எழுதினேன்.

ஆமாம், அவரை நான்தான் கொன்றேன். வேண்டுமென்றே, திட்டம் போட்டு. கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன். தம்பிக்கு ஒரு அக்கா செய்ய வேண்டியதைச் செய்தேன். எனக்கு உறுத்தலே இல்லை.

நான்கு வருடத்துக்கு முந்தைய டைரியை எதற்கு எடுத்து வைத்திருக்கிறீர்கள்? அன்று அழுத பெண் யார் என்றா? அந்தப் பக்கம் காலியாக இருக்கிறது, பார்க்கிறேன். சரி, வர வேண்டியவள் வரவில்லை. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவன் அந்த வாரம் முழுக்க, வேலை பிடிக்கலக்கா, வந்துடறேன்க்கா என்று போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தான். அன்றும் அதே பாட்டுதான் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள், அதில் என்ன தப்பு இருக்கிறது. மேனேஜர் நினைத்ததுதான் தப்பு.