வரிசையில் நாலாவது ஆள்

வீடு தேடி வந்தவர்களை வாசலில் நிறுத்திப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் சட்டக் கல்லூரியிலிருந்து வந்த அந்தப் பெண்ணையும் பையனையும் உள்ளே கூப்பிட்டு, மின்விசிறிக்கு நேராக உட்கார வைத்தேன்.

கொலை வழக்கில் பதினாலு வருஷமாக ஜெயிலில் இருக்கும் ஒரு பெயின்டர் நிரபராதி என்று நிரூபிக்க அலைகிறார்களாம். திங்கட்கிழமை விசாரணை. நடந்ததை நான் எழுதிக் கொடுத்தால் வெளியே வருவான். இல்லையென்றால் அங்கேயே கிடப்பான். அவனைப் பிடித்த இன்ஸ்பெக்டர் நான்.

அந்தப் பெண் பதினோரு வழக்குகளின் காகிதங்களைப் பரப்பினாள். எல்லாம் நான் நடத்திய அடையாள அணிவகுப்புகள்.

"பதினோரு தடவையும் நீங்க பிடிச்ச ஆள் வரிசையில நாலாவதாத்தான் நின்னிருக்கார் சார். சாட்சிகளும் நாலாவது ஆளைத்தான் காட்டியிருக்காங்க."

"கெட்டிக்காரிம்மா நீ" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். எந்த வக்கீலும் அதை எண்ணிப் பார்த்ததில்லை.

சாட்சிகள் பயத்தில் பாதி உயிராகத்தான் வந்து நிற்பார்கள். முதல் மூன்று பேரைத் தாண்டும்வரை நான் வாயே திறப்பதில்லை. நாலாவது ஆளிடம் வந்ததும், "அவசரமில்ல, நிதானமா பாருங்க" என்பேன். அவ்வளவுதான்.

பெயின்டர் வழக்கில் சாட்சி, செத்துப்போனவளின் தங்கை. இரண்டு சுற்று பார்த்துவிட்டு, "இதுல அவன் இல்லைங்க" என்றாள். மறுபடி பார்க்கச் சொன்னேன். மூன்றாவது சுற்றில் அழுதுகொண்டே கையை நீட்டினாள். முதல் இரண்டு சுற்றை நான் எழுதவில்லை.

அவன்தான் செய்தான் என்று நம்பினேனா? கொலை நடந்த அன்றைக்கு அந்தத் தெருவில் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தான். கைக்கு எட்டியவன் அவன்.

"தெரிஞ்சே ஒரு அப்பாவியை உள்ள தள்ளியிருக்கீங்க" என்றான் பையன்.

"தம்பி, ஒரு வாரமா அந்தத் தெருவே கதவைச் சாத்திக்கிட்டுக் கிடந்துச்சு. இவனைப் பிடிச்ச அன்னிக்குத்தான் ஜனங்க தூங்கினாங்க."

"கொன்னவனும் அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கியிருப்பான் சார்" என்றாள் அந்தப் பெண்.

வாய்த்துடுக்கு. ஆனாலும் கோபம் வரவில்லை. எல்லாவற்றையும் என் கைப்படவே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மறைக்க எனக்கு என்ன இருக்கிறது?

அவர்கள் கேட்காத ஒன்றையும் கடைசியில் சேர்த்தேன். பெயின்டர் உள்ளே போன பிறகு, அதே தெருவில், அதே விதமாக, இன்னும் இரண்டு பெண்கள் செத்தார்கள். இரண்டுக்கும் ஒரே மாதத்துக்குள் ஆள் பிடித்துக் கொடுத்தேன். அந்தத் தெரு ஜனங்களை நான் ஒருநாளும் கைவிட்டதில்லை.