பூட்டிய வீடு ஜெயித்தது

திருமலைராயன்பட்டினம் பேருந்தில், முன் இருக்கைப் பெண் பக்கத்திலிருந்த பெரியவளிடம் சொன்னாள்:

“பூட்டிக் கிடக்குற எங்க உம்மா வீடுதான், லாத்தா, தெருவுலயே முதல்.”

குப்பையைப் பிரித்து வாசலில் வைத்தால் வீட்டுக்குப் புள்ளி தரும் செல்போன் போட்டி. அவர்கள் பேசியது எங்கள் தெருவைப் பற்றித்தான்.

“சாவி?”

“எங்கிட்ட மட்டும்தான். உம்மா மவுத்தாகி அடக்கினப்புறம் யாரும் திறக்கல. ஆனா தினம் பச்சை வாளி வாசல்ல இருக்காம். மீன் முள்ளை வாழை இலையில மடிச்சிருக்காம்.”

“அது உங்க உம்மா பழக்கமாச்சே.”

“அதான் பயமா இருக்கு.”

“போடி, என் வீட்டுக்காரர் உசிரோட இருந்தும் பிரிக்க மாட்டேங்குறார்.”

சிரித்தார்கள். நானும் சன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டேன்.

“ஜெயிச்ச வீட்டிலேருந்து கடைசியா நிக்குற வீட்டுக்குப் போய்ப் பிரிக்கச் சொல்லிக் குடுக்கணுமே, இன்னிக்குச் சாயங்காலம். நீ போறியா?”

“நான் ஏன் போறேன் லாத்தா? நானா ஜெயிச்சேன்?”

“அப்ப யாரு போவா?”

அவள் பையைத் திறந்து சாவி இருக்கிறதா என்று பார்த்தாள்.

போட்டியில் கடைசியாக நிற்பது என் வீடு. வழியிலேயே இறங்கி ஒரு பச்சை வாளியும் வாழை இலையும் வாங்கினேன்.

“வீட்டுக்கு விருந்தாளிங்களா?” என்றார் கடைக்காரர்.

ஆமென்று தலையாட்டினேன்.