மேடையிலிருந்து நான் எடுத்த என் கணவரின் பதக்கங்கள்

உத்திரமேரூர் காவல் நிலையத்தில் 16.08.2025 அன்று, விசாரணைக்கு அழைக்கப்பட்ட ஜெனிஃபர் சொல்லச் சொல்ல, தலைமைக் காவலர் முனிரத்தினம் எழுதிக்கொண்டது.

என் பெயர் ஜெனிஃபர். வயது 31. கணவர் பெயர் அரவிந்தன், காலமாகிவிட்டார். உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள தெருவில், என் மகள் கீர்த்தியுடன் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். கீர்த்திக்கு ஆறு வயது. நான் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்து வருகிறேன்.

என் சொந்த ஊர் மேலத்தாங்கல். என் கணவருக்கும் அதே ஊர்தான். என் தாய் தந்தையர், என் மாமனார் தாண்டவராயன் அவர்களின் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்வந்தவர்கள். நானும் என் கணவரும் ஊர்ப் பள்ளியில் படித்த காலத்திலிருந்தே ஒருவரையொருவர் அறிவோம். அவர் இந்தியக் கடற்படையில் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்து, 2018-இல் நாங்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். அதன் பிறகு என் மாமனார் வீட்டார் எங்களுடன் பேசுவதில்லை. கீர்த்தி பிறந்ததை ஆள் மூலம் சொல்லி அனுப்பியும் யாரும் வந்து பார்க்கவில்லை.

நாங்கள் விசாகப்பட்டினத்தில் குடியிருந்தோம். விழா நாட்களில் என் கணவர் தன் வெள்ளைச் சீருடையைத் தானே இஸ்திரி போட்டுக்கொள்வார். இடது பாக்கெட்டுக்கு மேலே ரிப்பன் பட்டையைக் குத்திவிடுவது மட்டும் என் வேலை. அது நேராக இருக்கிறதா என்று அவரால் குனிந்து பார்க்க முடியாது என்பதால், நான் தலையாட்டும் வரை அசையாமல் நிற்பார்.

2023-ஆம் ஆண்டுக் கடைசியில் வந்த புயலின்போது, கவிழ்ந்த மீன்பிடிப் படகிலிருந்தவர்களைக் காப்பாற்ற அவர் கடலில் இறங்கினார். இரண்டு பேரைக் கப்பலில் ஏற்றிவிட்டு, மூன்றாவது ஆளுக்காகத் திரும்ப நீந்திப் போனவர் மேலே வரவில்லை. பல நாட்கள் தேடியும் அவரது உடல் கிடைக்கவில்லை. மறு ஆண்டு அவருக்கு வீரச் செயலுக்கான நவ்சேனா பதக்கம் அறிவித்து, விழாவில் என்னை மேடைக்கு அழைத்து என் கையில் கொடுத்தார்கள். கருநீல ரிப்பன், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. ஏற்கெனவே அவர் பெற்றிருந்த ஒன்பது ஆண்டு சேவைப் பதக்கத்தையும், சுதந்திர தின எழுபத்தைந்தாம் ஆண்டுப் பதக்கத்தையும் இதனுடன் சேர்த்து ஒரு பெட்டியில் வைத்திருந்தேன். அவரை அடக்கம் செய்த இடம் என்று எங்களுக்கு ஒன்று இல்லாததால், அவர் நினைவு நாளில் கீர்த்தி அந்தப் பெட்டி முன்னால்தான் பூ வைத்தாள்.

கடந்த வாரம் என் மாமனார் என் வீட்டுக்கு வந்தார். அவர் என் வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. நின்றபடியே, "இஸ்கூல்ல கேக்கறாங்கம்மா. பதினஞ்சாந் தேதி கொடியேத்தும்போது அவன் படத்துக்கு முன்னால வெக்கணுமாம். மறுநாள் குடுத்தனுப்பிடறேன்" என்று சொன்னார். அவர் என்னை அம்மா போட்டுப் பேசியதால் நான் வேறு எதுவும் கேட்காமல் பெட்டியைக் கொடுத்துவிட்டேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கதவுக்குப் பின்னால் நின்ற கீர்த்தியைச் சற்று நேரம் பார்த்தார். இவர் யார் என்று கீர்த்தி கேட்டதற்கு, தாத்தா என்று சொன்னேன்.

அதன் பிறகு 15-ஆம் தேதி காலை, கீர்த்திக்குப் புதுத் துணி போட்டு, பஸ் ஏறி மேலத்தாங்கல் பள்ளிக்குப் போனேன். எங்களை யாரும் அழைக்கவில்லை. ஆனாலும் மாமனார் வந்து சொன்னதே அழைத்தது போலத்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன். மேடையில் என் கணவரின் படம் போட்ட பேனர் கட்டியிருந்தார்கள். அது அவர் பயிற்சியில் சேர்ந்த புதிதில் எடுத்த படம். சட்டையில் ரிப்பன் எதுவும் இல்லை. படத்துக்குக் கீழே மேஜையில் சிவப்புத் துணி விரித்துப் பதக்கங்களை வைத்திருந்தார்கள். நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம்.

கொடியேற்றிய பிறகு, வீரரின் குடும்பத்தாருக்கு மரியாதை செய்யப் போவதாக மைக்கில் சொன்னார்கள். நான் கீர்த்தியின் தலையைச் சரிசெய்துவிட்டேன். என் மாமனார், மாமியார் முனியம்மாள், கொழுந்தனார் தமிழ்வாணன் ஆகிய மூவரின் பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டு சால்வை போட்டார்கள். அவ்வளவுதான் குடும்பம் என்பதுபோல மைக்கில் பேசியவர் நன்றி சொல்லத் தொடங்கினார். அப்போது கீர்த்தி பெஞ்சின் மேல் ஏறி நின்று, "அது எங்க அப்பா" என்று சொன்னாள். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அதன் பிறகு நான் கீர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டு மேடைக்குப் போய், மேஜையிலிருந்த மூன்று பதக்கங்களையும் எடுத்தேன். யாரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை. தமிழ்வாணன் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்ததில் நான் கீழே விழுந்தேன். நவ்சேனா பதக்கத்தின் ரிப்பன் கிழிந்து, பதக்கம் தனியாக உருண்டு போனது. கீர்த்தி அதை எடுக்க ஓடினாள். அவளை ஒருவர் தள்ளினார். அவர் யார் என்று எனக்குத் தெரியாது. அப்போது என் மாமியார் நடுவில் வந்து, "கொயந்தய இன்னாத்துக்குத் தள்றீங்க? எம் புள்ள மூஞ்சி அப்டியே கீது, கண்ணு தெரியலயா?" என்று சொல்லி, பதக்கத்தை எடுத்து கீர்த்தியின் கையில் கொடுத்தார். அவர் கீர்த்தியைத் தொட்டது அப்போதுதான் முதல் முறை. அதன் பிறகு நான் பதக்கங்களுடன் வீட்டுக்கு வந்துவிட்டேன். தன் மகனின் பதக்கங்களை ஒரு பெண் மேடையில் ஏறித் திருடிக்கொண்டு போனதாக என் மாமனார் நேற்று மாலை புகார் கொடுத்ததன் பேரில், இன்று என்னை அழைத்தார்கள். பதக்கங்களைக் கொண்டுவந்து ஒப்படைத்தேன்.

நிலையத்தில் என் மாமனாரும் மாமியாரும் தமிழ்வாணனும் இருந்தார்கள். என்னிடம் வாங்கிப் போனதை உங்களுடையது என்று ஏன் புகார் கொடுத்தீர்கள் என்று உதவி ஆய்வாளர் அம்மா கேட்டதற்கு, என் மாமனார் என்னைப் பார்க்காமல், "கல்யாணம் பண்ணிக்கினு போனவன் சாவற வரிக்கும் ஒரு போன் பண்லம்மா எனக்கு. அவன் வாயால ஒரு சேதி இல்ல. தெனம் போனப் பாத்துக்கினேதான் இருந்தேன். எனுக்குன்னு அவன் இன்னா வெச்சிட்டுப் போனான்? அதான் இத எட்த்தேன்" என்று சொன்னார்.

கப்பலிலிருந்து எனக்குக் கொடுத்தனுப்பியிருந்த என் கணவரின் போனைப் பையிலிருந்து எடுத்து, வாட்ஸ்அப்பைத் திறந்து மேஜையில் வைத்தேன். சட்டையில் புது ரிப்பன் ஏறிய ஒவ்வொரு முறையும், கீர்த்தி பிறந்தபோதும், ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர் தன் அப்பாவின் எண்ணுக்குப் படம் அனுப்பியிருந்தார். எல்லாவற்றிலும், போய்ச் சேரவில்லை என்பதற்கான ஒற்றை டிக் மட்டுமே இருந்தது. கூப்பிட்டாலும் லைன் போகாது. கழனியில் டவர் கிடைக்காது என்று என்னிடம் சொல்லுவார்.

தனக்கு ஒன்றும் வரவில்லையே என்று என் மாமனார் சொன்னார். அதற்குத் தமிழ்வாணன் தலையைக் குனிந்துகொண்டு, "நீதான நைனா அன்னிக்கி அண்ணன் நம்பர பிளாக் பண்ணச் சொன்ன" என்று சொன்னார்.

என் மாமனார் தமிழ்வாணன் பக்கம் திரும்பி, "அன்னிக்கிக் கோவத்துல சொன்னன்டா. அது இன்னும் அப்டியேவா கீது?" என்று கேட்டார்.

அதன் பிறகு அவர் போனைக் கையில் வாங்கி, ஒவ்வொரு படமாகப் பார்த்தார். கீர்த்தியைத் துணியில் சுற்றி என் கணவர் பிடித்திருக்கும் படத்தில் நிறுத்திவிட்டு, வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். என் மாமியார் அவரிடம் போகாமல் என் பக்கத்திலேயே இருந்தார்.

திரும்பி வந்த மாமனார் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். எழுத்தர், வாபஸ் மனுவில் என்னை யார் என்று குறிப்பிடுவது என்று கேட்டார். என் மாமனார் கிழிந்த ரிப்பனைப் பார்த்துக்கொண்டே, "அரவிந்தன் சம்சாரம்னு போட்டுக்கோ" என்றார். அந்தச் சொல்லைக் கேட்க என் கணவர் ஐந்து பொங்கலுக்கு ஊருக்கு வராமல் காத்திருந்தார்.

என்னை இழுத்தது பற்றியும் கீர்த்தியைத் தள்ளியது பற்றியும் நான் யார் மீதும் புகார் கொடுக்க விரும்பவில்லை. ஒன்பது ஆண்டு சேவைப் பதக்கத்தை என் மாமனாரிடம் கொடுக்க எனக்குச் சம்மதம். மற்ற இரண்டையும் என்னிடம் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறேன். என் மாமியார் எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டார். நான் வருவதாகச் சொல்லவில்லை. கீர்த்தி கேட்டால் அவளை அனுப்புவேன்.

மேலே உள்ளதெல்லாம் நான் சொன்னதுதான். எழுதியதைப் படித்துக்காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

(ஒப்பம்)
அ. ஜெனிஃபர்